தெள்ளாறெறிந்த நந்திவர்மனும் தக்குவாபாக் குளமும்



கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளி மாணவரிடம் கடல் கடந்து புகழ் பெற்ற தமிழ் வேந்தன் யார் என்று வினவினால், இராசேந்திர சோழன் என்னும் விடை உடனே வரும். 1025ஆம் ஆண்டளவில் அவனது படை கடாரத்தைத் தாக்கியது; கடாரத்தின் தொல்லெச்சங்கள் கிடைக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு நம் நாட்டிலேயே உள்ளது. ஆகவே அவ்விடை இயல்பானதே. ஆயினும், அப்படையெடுப்புக்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்னரே, இத்தீபகற்பத்தின் மேலைக் கடற்கரையில், இன்றைய தாய்லாந்தின் எல்லைக்குள், தமிழர் ஒரு குளம் தோண்டித் தமிழில் கல்வெட்டும் பொறித்தனர். அக்குளம் காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவன் ஒருவனின் சிறப்புப் பெயரைத் தாங்கியது. அவ்வரசன் மூன்றாம் நந்திவர்மன்.

பாடநூல்களில் இவனுக்கு ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. மகேந்திரவர்மனுக்குக் குடைவரைகள் உண்டு. நரசிம்மவர்மனுக்கு மாமல்லையும் வாதாபியும் உண்டு. இராசசிம்மனுக்குக் கைலாசநாதர் கோயில் உண்டு. மூன்றாம் நந்திவர்மனை நினைவூட்டும் பெருங்கோயில் எதுவும் மக்கள் நாவில் இல்லை. அவன் எஞ்சியிருப்பது பெரும்பாலும் சொற்களில்தான்: கல்வெட்டில் ஓர் அடைமொழி, செப்பேட்டில் ஒரு கொடை, இலக்கியத்தில் ஒரு கலம்பகம், அயல் மண்ணில் ஒரு குளத்தின் பெயர். எனவே இவ்வரசனின் வரலாற்றை அச்சொற்களின் வழியாகவே படித்துப் பார்ப்பது இவ்வுரையின் நோக்கம். சான்று சொல்லாததை ஏற்றிக் கூறும் பொய்ப்பெருமையும், சான்று சொல்வதைக் கவனியாது விடும் அசட்டையும் ஒருங்கே நீங்க, சொல்லாராய்ச்சி எவ்வாறு உதவும் என்பதையும் இடையிடையே காட்ட முயல்கிறேன்.

1. பெயரும் காலமும்

பல்லவர் குடியில் நந்திவர்மன் என்னும் பெயருடையோர் ஒருவர்க்கு மேற்பட்டோர் உளர். அவர்களுள் நன்கறியப்பட்டவன் இரண்டாம் நந்திவர்மனாகிய பல்லவமல்லன். இளமையிலேயே கிளைக்குடியிலிருந்து அழைத்து வரப்பெற்று அரியணை ஏறியவன் அவன். அவன் வரலாறு காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் சிற்பத் தொடராக விளங்குகிறது. அவன் மகன் தந்திவர்மன். தந்திவர்மனுக்கும் அக்களநிம்மடி என்னும் கடம்ப இளவரசிக்கும் பிறந்தவனே நம் மூன்றாம் நந்திவர்மன். அவன் ஆட்சிக்காலம் ஏறத்தாழ 846 முதல் 869 வரை என்பது பெரும்பாலான அறிஞர் கொள்கை.

கல்வெட்டுகளில் பல்லவ மன்னர் ‘போத்தரையர்’ எனப்படுவர். ‘பல்லவம்’ என்னும் வடசொல்லுக்குத் தளிர் என்பது பொருள். தமிழில் ‘போத்து’ என்பதற்கும் இளங்கிளை என்னும் பொருள் உண்டு. இதனால், போத்தரையர் என்பது பல்லவர் என்பதன் தமிழாக்கமாகலாம் என்று கருதுவோர் உளர். அவர்களின் பட்டப்பெயர்களோ பல மொழிகளில் அமைந்தவை. மகேந்திரவர்மனின் ‘பகாப்பிடுகு’, தந்திவர்மனின் ‘மார்ப்பிடுகு’ ஆகியவற்றில் வரும் ‘பிடுகு’ இடியைக் குறிக்கும் தெலுங்குச் சொல். தந்திவர்மனின் மற்றொரு பெயரான ‘வைரமேகன்’ வடமொழி. அவன் மகனை நினைவில் நிறுத்தும் அடைமொழி ‘தெள்ளாறெறிந்த’ என்பதோ முழுத் தமிழ். ஒரு குடியின் பட்டப்பெயர்களில் மொழி மாறுவதை மாணவர் கவனித்தல் நன்று. அரசவை எந்த மொழியில் தன்னைப் பற்றிப் பேச விரும்பியது என்பதற்கு அதுவும் ஒரு குறிப்பு.

2. தெள்ளாறு: ஒரு வினைச்சொல்லின் சான்று

நந்திவர்மன் பட்டமேறிய காலத்தில் பல்லவ அரசு தளர்ந்திருந்தது. தந்திவர்மன் நாளிலேயே பாண்டியன் வரகுணன் காவிரி நாட்டைக் கைக்கொண்டு வடக்கே முன்னேறியிருந்தான். நெல்லைப் பகுதியின் அம்பாசமுத்திரக் கல்வெட்டு, அவன் தொண்டை நாட்டில் பெண்ணையாற்றங்கரை அரைசூரில் தங்கியிருந்தபோது அளித்த கொடையைக் குறிக்கிறது. பொருநைக் கரைக் கோயிலுக்குரிய ஆணை, பல்லவரின் சொந்த நாட்டில் அடித்த பாசறையிலிருந்து பிறந்தது என்றால், பாண்டியர் எவ்வளவு தொலைவு வந்துவிட்டனர் என்பது விளங்கும். வரகுணனுக்குப் பின் வந்த சீமாறன் சீவல்லபனும் அதே வேகத்தோடு போரிட்டவன். அவனது படை ஈழத்திலும் புகுந்தது.

இந்நிலையில் நிகழ்ந்ததே தெள்ளாற்றுப் போர். தெள்ளாறு வந்தவாசிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள ஊர். காஞ்சிக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பகைவர் தலைநகரின் வாயிலை நெருங்கிவிட்டனர் என்றே கொள்ளலாம். அங்கே நந்திவர்மன் பாண்டியப் படையை முறியடித்தான். அவனது பத்தாம் ஆட்சியாண்டு தொடங்கிக் கல்வெட்டுகளில் ‘தெள்ளாறெறிந்த’ என்னும் அடைமொழி அவன் பெயரோடு சேர்ந்து வருகிறது.

இவ்வடைமொழியின் வினைச்சொல்லைக் கருதுக. இன்றைய வழக்கில் ‘எறிதல்’ வீசுதலைக் குறிக்கும். பழந்தமிழிலோ தாக்குதல், வெட்டுதல், அழித்தல் என்னும் பொருள்களே முதன்மையானவை. சங்கப் பாடல்களில் வீரன் யானையை எறிந்தான் எனின், அதனைத் தூக்கி வீசினான் என்பதன்று. தாக்கி வீழ்த்தினான் என்பதே பொருள். வேறு வேந்தரின் அடைமொழிகளோ ‘கொண்ட’ என்னும் வினையால் அமைந்தவை: ‘வாதாபி கொண்ட’ நரசிம்மவர்மன், ‘மதுரை கொண்ட’ பராந்தகன், ‘கடாரம் கொண்ட’ இராசேந்திரன். ‘கொண்ட’ என்பது பிறர் ஊரைக் கைப்பற்றியதைக் கூறும். தெள்ளாறு பல்லவரின் சொந்த மண். தன் நாட்டு ஊரை ஒருவன் ‘கொண்டான்’ எனல் பொருந்தாது. அங்கு வந்த பகையை ‘எறிந்தான்’ என்பதே பொருந்தும். கல்வெட்டுப் புலவர் சொல்லை எடைபோட்டே கையாண்டுள்ளனர். சில கல்வெட்டுகள் இன்னும் விரித்து, தெள்ளாறு எறிந்து அரசும் கொண்டவன் என்கின்றன. போருக்கு ‘எறி’, அரசுக்கு ‘கொள்’ என இரு வினைகள் தனித்தனியே நிற்பதைக் காண்க. இழக்கும் நிலைக்கு வந்த அரசை அவன் மீட்டுக்கொண்டான் என்பது அத்தொடரின் குறிப்பு.

வெற்றிக்குப் பின் பல்லவப் படை பாண்டியரைத் தெற்கே துரத்திச் சென்றது. ஆனால் அவ்வெற்றி நிலைத்துவிடவில்லை. பின்னர்க் குடமூக்கு எனப்படும் கும்பகோணத்தில் பல்லவர், கங்கர், சோழர் முதலியோரைச் சீமாறன் வென்றதாகப் பாண்டியரின் பெரிய சின்னமனூர்ச் செப்பேடு கூறுகிறது. அரிசிலாற்றங்கரையில் பாண்டியரை நந்திவர்மனின் மகன் நிருபதுங்கன் வென்றதாகப் பல்லவரின் வாகூர்ச் செப்பேடு கூறுகிறது. ஒவ்வொரு குடியும் தன் வெற்றியை எழுதித் தன் தோல்வியை எழுதாது விட்டது. இரு தரப்புச் செப்பேடுகளையும் அருகருகே வைத்துப் படித்தாலன்றி உண்மை தெரியாது என்பதற்கு இது வகுப்பறைக்கு ஏற்ற எடுத்துக்காட்டு.

3. செப்பேடு காட்டும் அரசவை

நந்திவர்மனின் ஆறாம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட வேலூர்ப்பாளையச் செப்பேடு, அவன் காலத்து முதன்மையான ஆவணம். அது வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் உடையது. பல்லவரின் குடிமரபைப் புராண முன்னோரிலிருந்து தொடங்கிப் புகழும் பகுதி வடமொழியில் உள்ளது; கொடை நிலத்தைப் பற்றிய நடைமுறைச் செய்திகள் தமிழில் உள்ளன. மரபைப் போற்ற ஒரு மொழி, மண்ணை அளக்க ஒரு மொழி என்னும் இப்பிரிவு அக்காலச் செப்பேடுகளுக்குப் பொதுவானது. நிலத்தோடு தொடர்புடைய உழவனும் ஊரவையும் அறிய வேண்டிய செய்தி தமிழிலேயே இருந்தாக வேண்டும் என்பதை ஆட்சியாளர் உணர்ந்திருந்தனர்.

அச்செப்பேடு, போர்க்களத்தில் பகைவரைக் கொன்று, பிறர்க்கு எளிதில் எட்டாத அரசச் செல்வத்தை நந்திவர்மன் அடைந்தான் என்கிறது. கொடையோ, சிவன் கோயில் ஒன்றுக்குத் திருக்காட்டுப்பள்ளி என்னும் ஊரை வழங்கியது. இக்கொடைக்காக அரசனிடம் வேண்டியவன் குமாராங்குசன் என்னும் சோழ மகாராசன். சோழன் ஒருவன் பல்லவன் அவையில் விண்ணப்பம் செய்யும் நிலையில் நிற்கிறான்! இதே காலப்பகுதியில், 850ஆம் ஆண்டையொட்டி, விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றினான். அடுத்த நூற்றாண்டின் பேரரசு, இந்த நூற்றாண்டின் சிற்றரசாக அடங்கி நின்ற காட்சியை இச்செப்பேடு நமக்குக் காட்டுகிறது.

நந்திவர்மன் வாளை மட்டும் நம்பியவனல்லன். மணவுறவுகளாலும் தன் நிலையை வலுப்படுத்தினான். அவன் தேவியருள் ஒருத்தி சங்கா, இராட்டிரகூடர் குடியிற் பிறந்தவள், நிருபதுங்கனின் தாய். மற்றொருத்தி அடிகள் கண்டன் மாறம்பாவை. தஞ்சைப் பகுதி நியமத்துக் கல்வெட்டால் அறியப்படும் இவளைப் பழுவேட்டரையர் குடியினள் என்பர். வடக்கில் பேரரசுக் குடி, தெற்கில் காவிரிக் கரையின் சிற்றரசுக் குடி என இரு முனையிலும் அவனுக்கு உறவு இருந்தது. அவன் மகன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டு வாகூர்ச் செப்பேடு, புதுச்சேரியை அடுத்த வாகூரில் இயங்கிய கல்விக்கூடத்துக்கு 3 ஊர்களின் வருவாயை அளித்ததைக் கூறுகிறது. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் மூன்று ஊர் ஈந்த அச்செய்தி, இந்த அவையினர்க்கு உவப்பானதாகும்.

4. கலம்பகமும் கதையும்

நந்திவர்மன் பெயர் தமிழ் கற்றோரிடையே வாழ்வதற்குக் காரணம் நந்திக் கலம்பகம். இன்று கிடைக்கும் கலம்பக நூல்களுள் காலத்தால் முற்பட்டது இதுவே. ஆசிரியர் பெயர் தெரியவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் கிடைக்கின்றன. தெள்ளாற்றுப் போரை மீண்டும் மீண்டும் பாடும் இந்நூல், காஞ்சி, மல்லை, மயிலை ஆகிய நகரங்களுக்கு உரியவனாக அரசனைப் போற்றுகிறது. கடலுக்குத் தலைவன் என்னும் பொருள்படவும் புகழ்கிறது. ‘அவனி நாரணன்’ என்னும் பெயராலும் அவனைச் சுட்டுகிறது. உலகிற்குத் திருமால் போன்றவன் என்பது அப்பெயரின் பொருள். இப்பெயரைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கடல் கடந்த பின் அது நமக்குத் தேவைப்படும்.

இந்நூலோடு ஒட்டிய கதையை அறியாத தமிழாசிரியர் இலர். அரசனைப் பழிவாங்க எண்ணிய உறவினன் ஒருவன் அறம் வைத்துப் பாடிய நூல் இது என்றும், கேட்டால் உயிர் போகும் என்று அறிந்திருந்தும் தமிழின் சுவைக்காக அரசன் பந்தல்தோறும் அமர்ந்து கேட்டான் என்றும், இறுதிப் பாடலைச் சிதையின்மேல் அமர்ந்து கேட்டு எரிந்து மாண்டான் என்றும் அக்கதை கூறும். தொண்டைமண்டல சதகமும் சோமேசர் முதுமொழி வெண்பாவும் இதனை எடுத்தாண்டு பரப்பின.

இவ்விரு நூல்களும் நந்திவர்மன் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை. அவன் காலத்துக் கல்வெட்டோ செப்பேடோ இத்தகைய இறப்பைக் குறிக்கவில்லை. அவனுக்குப் பின் நிருபதுங்கன் ஆட்சி தொடர்கிறது. மேலும், கலம்பகம் முழுவதும் அரசனின் வெற்றியையும் கொடையையும் பாடும் வாழ்த்து நூலாகவே அமைந்துள்ளது. அரசன் மறைவுக்கு இரங்கும் கையறுநிலைச் செய்யுள் ஒன்று இந்நூலோடு சேர்ந்து வழங்குகிறது. வாழ்த்து நூலின் இறுதியில் இரங்கற்பா நிற்பதைக் கண்ட பிற்காலத்தார், அவ்விரண்டையும் இணைக்க ஒரு கதையை நாடியிருத்தல் கூடும் என்பது என் கருத்து.

அப்படியாயின் இக்கதையை வகுப்பில் சொல்லலாகாதா? சொல்லலாம், கதை என்று சொல்லிச் சொல்ல வேண்டும். அக்கதை ஒன்பதாம் நூற்றாண்டைப் பற்றிய சான்றன்று. தமிழுக்காக உயிர் கொடுத்த அரசன் ஒருவன் வேண்டும் என்று விரும்பிய பிற்காலத் தமிழ் மக்களைப் பற்றிய சான்று அது. அவ்வகையில் அதுவும் வரலாறே. ஆனால் அரசனின் தமிழ்ப் பற்றுக்குச் சான்று காட்டச் சிதை தேவையில்லை. பெருந்தேவனார் இயற்றிய பாரத வெண்பா, தெள்ளாற்றில் வென்ற அரசனின் காலத்தில் தோன்றியதாக அந்நூலாலேயே அறியப்படுகிறது. செய்யுளும் உரைநடையும் விரவிய அந்நூலில் உத்தியோக, வீட்டும, துரோண பருவங்களைச் சார்ந்த பகுதிகளே இன்று எஞ்சியுள்ளன. தம் முன்னோர் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதாகப் பாண்டியரும் தம் சின்னமனூர்ச் செப்பேட்டில் பெருமை கொண்டனர். தெள்ளாற்றில் போரிட்ட இரு குடிகளும் தமிழில் பாரதம் செய்வித்த புகழுக்கும் போட்டியிட்டன எனலாம்.

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் குறிப்பிடும் கழற்சிங்கர் என்னும் காடவர் கோமானை இந்நந்திவர்மனாகவே கொள்வோரும் உளர். இராசசிம்மனாகக் கொள்வோரும் உளர். அடியார் வரிசையிலும் அரசர் வரிசையிலும் ஒருங்கே இடம் தேடப்படும் மன்னன் இவன் என்பதை மட்டும் குறித்து மேலே செல்வோம்.

5. தக்குவாபாக் குளம்

தாய்லாந்தின் தென்பகுதியில், அந்தமான் கடலை நோக்கிய பாங் நா மாநிலத்தில் தக்குவாபா என்னும் ஊர் உள்ளது. ‘தக்குவா’ என்னும் தாய்மொழிச் சொல் ஈயத்தைக் குறிக்கும். அப்பகுதியும் நம் கிள்ளான் பள்ளத்தாக்கைப் போலவே ஈயத்தால் அறியப்பட்டது. ஆற்று முகத்துவாரத்தில் உள்ள கோ கோ காவ் தீவில் சீனத் தாங் காலப் பீங்கான்களும் மேலை ஆசியக் கண்ணாடிப் பொருள்களும் கிடைத்துள்ளன. மேலைக் கடலில் வந்த சரக்கு இங்கிறங்கி, தீபகற்பத்தின் குறுகிய இடையைக் கடந்து, கீழைக் கரையின் சாயா பகுதியை அடைய முடிந்தது. இராசேந்திரன் மெய்க்கீர்த்தி கூறும் தலைத்தக்கோலத்தை இவ்வூரோடு இணைப்போர் பலர்.

இங்கு, பிரா நாராய் என வழங்கும் குன்றின் அருகே, தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்தது. ஆறு வரிகள் அளவே உடைய சிதைந்த கல் அது. 1913ஆம் ஆண்டு செருமானிய அறிஞர் ஹுல்ட்ஸ் அதனைத் தமிழ் என இனங்கண்டு வெளியிட்டார். நீலகண்ட சாத்திரியார் 1932ஆம் ஆண்டிலும், பின்னர் 1949ஆம் ஆண்டு அரச ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை ஆய்விதழிலும் அதனை ஆராய்ந்து எழுதினார். மிக அண்மையில் கராசிமாவும் சுப்பராயலுவும் தென்கிழக்காசியத் தமிழ்க் கல்வெட்டுகளைத் தொகுத்தபோது அதனை மீண்டும் படித்தனர்.

கல்லின் தொடக்கம் உடைந்துவிட்டது. எஞ்சிய பகுதி தரும் செய்தி எளியது. நாங்கூரைச் சேர்ந்த தலைவன் ஒருவன் ஒரு குளம் தோண்டினான். அதற்கு அவனி நாரணம் என்று பெயர். அது மணிக்கிராமத்தார், சேனாமுகத்தார் முதலியோர்க்கு அடைக்கலம். இவ்வளவே.

இக்குளத்தை நந்திவர்மனோடு இணைப்பவை இரண்டு. ஒன்று, எழுத்தமைதி ஒன்பதாம் நூற்றாண்டினது. மற்றொன்று, கலம்பகம் அவனுக்குச் சூட்டும் அவனி நாரணன் என்னும் பெயர். தமிழகத்திலும் அப்பெயர் ஊர்ப்பெயராக நின்றது; பேரேரியால் அறியப்படும் காவேரிப்பாக்கம் கல்வெட்டுகளில் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் எனப்படுகிறது. ‘நாராயணன்’ என்பது தமிழ் நாவில் ‘நாரணன்’ எனக் குறுகும். ஆண்பாலைக் காட்டும் ‘அன்’ நீங்கி, அஃறிணைக்குரிய ‘அம்’ சேர, அரசன் பெயர் குளத்தின் பெயராகிறது. அருகிலுள்ள குன்றின் பெயரில் வரும் ‘நாராய்’ என்பதும் அதே நாராயணன் என்னும் சொல்லின் தாய்மொழி வடிவமே. அங்கு மரவேர்களுக்கிடையே கிடைத்த கற்சிலைகளை ஊர் மக்கள் நாராய் என வழிபட்டனர். ஒரே வடசொல் தமிழில் குளத்தின் பெயராகவும் தாய்மொழியில் குன்றின் பெயராகவும் ஒரே வட்டாரத்தில் நிற்பது மொழியாராய்ச்சியாளருக்கு விருந்து.

இனி, முதன்மையான வினாவுக்கு வருவோம். தன் பெயரில் குளம் இருப்பதால் நந்திவர்மன் தக்குவாபாவை வென்றான் என்றோ ஆண்டான் என்றோ கூறலாமா? மேடைகளில் அவ்வாறு கூறக் கேட்கிறோம். விடை காணத் தமிழகத்து நீர்நிலைகளையே நோக்குதல் வேண்டும். திருச்சியை அடுத்த திருவெள்ளறையில் சுவத்திக வடிவில் அமைந்த கிணறு உள்ளது. அதனை அமைத்தவன் ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன். அதன் பெயரோ மார்ப்பிடுகு பெருங்கிணறு. மார்ப்பிடுகு என்பது தந்திவர்மனின் பட்டப்பெயர். உத்திரமேரூரின் பேரேரி வைரமேக தடாகம். அதுவும் தந்திவர்மன் பெயரே. தனியொருவர் செலவில் நீர்நிலை அமைத்து, ஆளும் அரசனின் சிறப்புப் பெயரைச் சூட்டுவது அக்கால வழக்கம் என்பது தெளிவு. நாங்கூர்த் தலைவன் கடல் கடந்தும் அவ்வழக்கத்தையே பின்பற்றினான். ஆதலின் அவனி நாரணம் என்னும் பெயர் நமக்குக் கூறுவது, குளம் தோண்டியவன் யாரைத் தன் அரசனாக மனத்திற்கொண்டான் என்பதை. அந்த மண் யார் ஆட்சியில் இருந்தது என்பதை அது கூறவில்லை. ‘எறிந்த’ என்றோ ‘கொண்ட’ என்றோ ஒரு வினையும் அக்கல்லில் இல்லை.

6. தொட்ட குளம், அடைக்கலம்

அக்கல்லில் உள்ள வினை ‘தொட்ட’ என்பது. இன்றைய மாணவர் அதனைக் கையால் தீண்டிய என்று பொருள் கொள்வர். பழந்தமிழில் ‘தொடு’ என்பதற்குத் தோண்டுதல் என்னும் பொருளும் உண்டு. கல்வி அதிகாரத்தில் மணற்கேணியை உவமையாக்கும் குறளைப் பயின்றோர் இப்பொருளை அறிவர். ‘தோண்டு’ என்னும் இன்றைய சொல்லும் இதற்கு உறவினதே. குறளில் வரும் அதே வினை ஒன்பதாம் நூற்றாண்டில் தக்குவாபாவின் கல்லிலும் அதே பொருளில் நிற்கிறது. அயல் நாட்டில் வாழ்ந்த தமிழர், தாயகத்துக் கல்வெட்டு வழக்கினின்று வழுவாத தமிழை எழுதினர் என்பதற்கு இச்சொல் ஒன்றே போதுமானது.

‘மணிக்கிராமம்’ என்பது மாணிக்க வணிகரைக் குறிப்பதன்று. வணிகர் குழு எனப் பொருள்படும் ‘வணிக்கிராமம்’ என்னும் வடசொல்லின் திரிபு அது. விஞ்சு–மிஞ்சு, விழி–முழி என்பனவற்றில் போல வகரமும் மகரமும் மாறி வருதல் தமிழுக்கு இயல்பு. இக்குழு தனியொரு ஊருக்கு உரியதன்று. 849ஆம் ஆண்டைச் சார்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், அவ்வூர்க் கிறித்தவப் பள்ளிக்கு அளித்த உரிமைகளின் காப்பாளராக மணிக்கிராமத்தாரும் அஞ்சுவண்ணத்தாரும் வருகின்றனர். அச்செப்பேட்டில் அரபு, பாரசீகம், எபிரேய எழுத்துகளில் சாட்சிகளின் கையொப்பங்களும் உண்டு. நந்திவர்மன் காஞ்சியில் ஆண்ட அதே தலைமுறையில், மேலே கொல்லத்தில் கோயிற்கொடைக்கும், கீழே தக்குவாபாவில் குளத்துக்கும் ஒரே பெயருடைய வணிகர் குழுவினர் காவல் ஏற்றிருந்தனர். சேனாமுகத்தாரைப் படைப்பிரிவினர் என்றும், வணிக நகரின் ஒரு பகுதியார் என்றும் இருவகையாக விளக்குவர். கடல் வணிகர் தம் காவலுக்குப் படையாள் வைத்திருந்த காலம் அது. இரண்டு விளக்கமும் ஒன்றையொன்று முற்றும் மறுப்பன அல்ல.

நாங்கூர், சீகாழியையும் பூம்புகாரையும் அடுத்த பழைய ஊர்; வைணவர் போற்றும் திருநாங்கூர்த் திருப்பதிகள் அப்பகுதியினவே. காவிரி முகத்துவாரத்து மனிதன் ஒருவன் தக்குவாபா ஆற்றின் கரையில் குளம் தோண்டினான். கடலோரத்தில் வாழ்வோர்க்கு நன்னீர் முதல் தேவை. கப்பல் ஏறிச் செல்வோர்க்கும், பருவக்காற்று மாறும்வரை காத்திருப்போர்க்கும், அங்கேயே தங்கிவிட்டோர்க்கும் அது வேண்டும். சில நாள் கொள்ளையிட்டுத் திரும்பும் படை குளம் தோண்டாது. குளம் தோண்டுவோர் பல ஆண்டு வாழ எண்ணியவர்.

கல்லின் இறுதிச் சொல் ‘அடைக்கலம்’. இன்று நாம் தஞ்சம் என்னும் பொருளில் மட்டும் வழங்குகிறோம். ஒன்றை நம்பி ஒப்படைத்தல், ஒப்படைக்கப்பட்டதைக் காத்தல் என்பன அதன் பழம் பொருளில் அடங்கும். சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைப்பதும் இப்பொருளிலேயே. தக்குவாபாக் குளம் மணிக்கிராமத்தாரின் உடைமை என்று கல் கூறவில்லை. அவர்களின் அடைக்கலம் என்கிறது. தூர் வாரவும் கரை காக்கவும் தண்ணீர் கெடாது பார்க்கவும் அவர்கள் கடமைப்பட்டனர். அரசன் காஞ்சியில் இருந்தான். தோண்டியவன் ஒருநாள் ஊர் திரும்பலாம் அல்லது மறையலாம். குளத்தை யார் பேணுவர் என்பதே கல்லில் எழுதி வைக்க வேண்டிய செய்தியாயிற்று.

7. வகுப்பறைக்குச் சில சொற்கள்

தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையை வழிநடத்தி, 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியபோது, தென்கிழக்காசியாவில் தமிழ்ச் சுவடுகளை முறையாக ஆராய வேண்டும் என்னும் எண்ணம் இம்மண்ணில் வலுப்பெற்றது. அந்த ஆய்வுணர்வை வகுப்பறைக்குக் கொண்டு செல்வது நம் பொறுப்பு.

மலேசியத் தமிழர் வரலாற்றை நாம் இரு முனைகளிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகிறோம். ஒன்று, கடாரம் கொண்ட பேரரசனின் வெற்றி. மற்றொன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டங்களுக்கும் இருப்புப்பாதைக்கும் ஆள் சேர்த்து அழைத்து வரப்பட்ட துயரம். முன்னதைக் கேட்கும் மாணவர் தம்மை வெற்றியாளரின் வழித்தோன்றல் என எண்ணுவர். பின்னதை மட்டும் கேட்போர் தம்மை வரலாற்றால் தள்ளப்பட்டோர் என எண்ணுவர். பல இன மக்களோடு கலந்து வாழும் ஒரு நாட்டில் இவ்விரண்டு மட்டும் போதா. தக்குவாபாக் குளம் மூன்றாவது தொடக்கம் ஒன்றைத் தருகிறது: தம் செலவில் நீர்நிலை அமைத்து, தம் மொழியில் எழுதி, அதன் காவலைத் தம் அமைப்புகளிடம் ஒப்படைத்து, பிறர் நாட்டில் அமைதியாக வாழ்ந்த மக்கள். அவர்கள் வாழ்ந்த காலத்து வேந்தன் என்பதனால் மூன்றாம் நந்திவர்மன் நமக்கு நெருங்கியவனாகிறான்.

ஆசிரியர்கள் மூன்று சொற்களைக் கொண்டே இவ்வரலாற்றை ஒரு பாடவேளையில் நடத்திவிடலாம். ‘எறிந்த’ என்பதைக் கொண்டு தெள்ளாற்றையும், ‘தொட்ட’ என்பதைக் கொண்டு தக்குவாபாவையும், ‘அடைக்கலம்’ என்பதைக் கொண்டு மணிக்கிராமத்தையும் விளக்குக. சொற்பொருள் மாற்றம் என்னும் இலக்கணச் செய்தியும் உடன் விளங்கிவிடும். பின்னர், வேலூர்ப்பாளையச் செப்பேட்டையும் சின்னமனூர்ச் செப்பேட்டையும் ஒப்பிட்டு, எது சான்று, எது புகழ்ச்சி, எது பிற்காலக் கதை எனப் பிரித்தெழுதுமாறு மாணவரைப் பணிக்க. நந்திவர்மன் சயாமை ஆண்டான் என்று எவரேனும் கூறக் கேட்டால், கல்லில் உள்ள வினைச்சொல் யாது என்று வினவும் பழக்கம் அம்மாணவர்க்கு வர வேண்டும்.

நம் ஊர்களில் தமிழ்ப்பள்ளிகளையும் கோயில்களையும் படிப்பகங்களையும் நிறுவியவர் பலரின் பெயர் இன்று சுவர்க் கல்லில் மட்டுமே உள்ளது. அவற்றைப் பேணும் வாரியங்களும் பெற்றோரும் ஆசிரியரும் செய்வது மணிக்கிராமத்தார் ஏற்ற அதே பணி. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை எவை என்று இங்குள்ள இளையோர் ஒரு பட்டியல் எழுதிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை நிறைவு செய்கிறேன்.